பாதிச் சுருட்டு

சயாவை அடக்கம் செய்த அன்று என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஜெபம் முடிந்து பெட்டியை மூடப்போகும் நேரம். "நீங்கதான் அவருக்கு ரொம்ப நெருக்கம், ஏதாவது சொல்லுங்க" என்று யாரோ என்னை முன்னால் தள்ளிவிட்டார். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். "எங்க சயா தனக்குன்னு எதையும் வச்சுக்கிட்டதே இல்ல." சொல்லிவிட்டு வந்து நின்றுகொண்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் நினைத்த மாதிரி அதை நான் பாராட்டாகவும் சொல்லவில்லை.

பர்மியில் வாத்தியாரைச் சயா என்பார்கள். அவர் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர் இல்லை, கால்பந்து கற்றுக்கொடுத்தவர். ரங்கூன் காலேஜ்களில் கால்பந்து சூடு பிடித்த காலத்து ஆட்டக்காரர். கணுக்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு வெறுங்காலில் ஆடிய தலைமுறை. காலேஜ் அணியில் சென்டர் ஹாஃபாக இருந்தார். படித்து முடித்தபின் அதே காலேஜில் பயிற்சியாளராக ஒட்டிக்கொண்டார். எண்பத்தெட்டுக் கலவரத்தில் காலேஜ்களை இழுத்து மூடியபோது அவருக்கு வேலையும் இல்லை, எங்களுக்குப் படிப்பும் இல்லை. நான் அப்போது மூன்றாவது வருஷம் பாதியில் நின்றவன். எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. ரங்கூனில் எங்கள் பக்கம், தாகேதாவில், ஓடையோரம் ஒரு பொட்டல் இருந்தது. அங்கே என்னைப் போல வெட்டியாகத் திரிந்தவர்கள், அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள், சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கிறவர்கள் என்று பதினைந்து பேரைச் சேர்த்து ஓர் அணியை உண்டாக்கினார். பர்மியர்கள்தான் அதிகம். தமிழன் என்று பார்த்தால் அவரும் நானும்தான்.

நல்ல உயரம். கொஞ்சம் வளைந்த கால்கள். லுங்கியை முழங்காலுக்கு மேல் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் நிற்பார். விசில் கிடையாது, கைதட்டல்தான். ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் ஆடு. விசில் ஒன்று இருந்ததாம்; எந்தப் பள்ளிக்கோ கொடுத்துவிட்டாராம்.

சுருட்டு பிடிப்பார். ஆனால் முழுச் சுருட்டு அவர் பிடித்து நான் பார்த்ததில்லை. பாதி வந்ததும் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவரிடம் நீட்டிவிடுவார். தெரிந்தவர், தெரியாதவர், ரிக்‌ஷாக்காரர், பிக்குணிக்குக் குடை பிடித்து வந்த கிழவர், யாராக இருந்தாலும் சரி. நான் பிடிக்காதவன் என்று தெரிந்தும் எனக்கு நீட்டுவார். நான் வாங்கி அடுத்தவனிடம் கொடுப்பேன். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம். "பாத்தியா, பாஸ் எப்படிப் போவுதுன்னு" என்பார்.

அவருடைய ஆட்டமும் இதேதான். பந்து காலுக்கு வந்தால் முதல் தொடலில் நிறுத்து, இரண்டாவது தொடலில் கொடு. மூன்றாவது முறை தொட்டவன் வெளியே போக வேண்டும். வெளியே என்றால் சும்மா ஓரத்தில் நிற்பதல்ல. ஓடையைப் பார்த்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். நான்கு கோல் போட்டவனாக இருந்தாலும் இதுதான் சட்டம். "பந்து உங்க வூட்டுப் பொருளா? வச்சிக்கிட்டு என்னடா பண்ணப் போற?" என்று கேட்பார். ஆட்டத்துக்கு முன்னால் எங்களை வட்டமாக நிறுத்திப் பிரம்புப் பந்தில் சின்லோன் ஆட வைப்பார். பந்து கீழே விழாமல் காலுக்குக் கால் தட்டிக்கொடுக்கிற பர்மிய ஆட்டம் அது. எதிரணி கிடையாது, ஜெயிப்பு தோற்பு கிடையாது. "உலகத்துலேயே ஒழுங்கான ஆட்டம் இது ஒண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

எனக்கு அது பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அந்த வருஷங்களில் எங்களுக்கு நம்பிக்கொள்ள எதுவும் இல்லை. வானொலியை நம்ப முடியாது, ஊர் பேசுவதை நம்ப முடியாது. காலையில் ஆறரைக்கு அவர் அந்தப் பொட்டலில் நிற்பார் என்பதை மட்டும் நம்பலாம். மழைக்காலத்தில் கணுக்கால் அளவு தண்ணீரில்கூட நின்றார்.

அவர் கொடுத்த கதைகள் நிறைய உண்டு. சிரிக்க வைக்கிற கதைகள்தான் அதிகம். ஒருநாள் எங்கள் கோல்கீப்பரின் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு இன்சீனுக்குப் போனார். திரும்பி ரயிலில் வந்தார். சைக்கிள் எங்கே என்று கேட்டால், வழியில் ரயில்வே பட்டறைத் தொழிலாளி ஒருவர் நடந்து போய்க்கொண்டிருந்தாராம், காலில் கட்டுப் போட்டிருந்தாராம், கொடுத்துவிட்டாராம். "கொண்டாந்து குடுப்பான், நல்லவன்" என்றார். அந்த நல்லவன் வரவே இல்லை. கோல்கீப்பர் இரண்டு மாதம் நடந்தே வந்தான். ஆனால் அவனும் சேர்ந்துதான் சிரித்தான். நாங்கள் அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தோம். சைக்கிள் யாருடையது என்று அப்போது எங்களில் ஒருவனும் யோசிக்கவில்லை.

கேட்டவர் ஒருவர் உண்டு. சயாவுடைய மனைவி. மிஷன் பள்ளியில் டீச்சராக இருந்தவர். எல்லாரும் டீச்சரம்மா என்போம். அந்த வீட்டில் எதற்கும் பூட்டு கிடையாது, டீச்சரம்மாவின் தகரப் பெட்டி ஒன்றைத் தவிர. ஒரு மழை நாளில் நான் போயிருந்தபோது சயா எனக்கு ஒரு குடையை எடுத்துக் கொடுத்தார். டீச்சரம்மா வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, அவர் குடுக்குறாருன்னு ஒடனே கைய நீட்டாத. யாருது அதுன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கு."

"யாருது டீச்சரம்மா?"

"என்னுது."

சயா வாய்விட்டுச் சிரித்தார். நான் குடையைத் திருப்பிக் கொடுத்தேன். டீச்சரம்மா சிரிக்கவில்லை. இந்த அம்மாவுக்குக் கொஞ்சம் கை கெட்டி என்று நினைத்துக்கொண்டே நனைந்தபடி வீட்டுக்குப் போனேன்.

சயா அடிக்கடி சொல்லும் கதை ஒன்று இருந்தது. காலேஜ் இறுதி ஆட்டம். கடைசி நிமிஷத்தில் இவர்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. சென்டர் ஹாஃப்தான் அடிக்க வேண்டும். அந்த வருஷம் முழுக்க ஒரு பெனால்டியைக்கூட அவர் விட்டதில்லை. பந்தை வைத்துவிட்டுப் பின்வாங்கியவர், ஓர் ஓரத்து ஆட்டக்காரனைக் கூப்பிட்டு "நீ அடி" என்றாராம். அவன் அடுத்த வாரம் குடும்பத்தோடு கப்பல் ஏறி நாகப்பட்டினம் போகிறவன். அந்த வருஷம் அவன் ஒரு கோலும் போட்டிருக்கவில்லை. போகிறவன் ஒரு கோலோடு போகட்டும் என்று நினைத்தாராம். அவன் அடித்த பந்து கம்பத்துக்கு மேலே போய் மரத்தில் மாட்டிக்கொண்டது. கோப்பை போயிற்று.

"மத்த பத்து பேரும் என்ன சொன்னாங்க சயா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆறு மாசம் ஒருத்தனும் பேசல" என்று சொல்லிச் சிரித்தார். "ஆனா அந்தப் பயலுக்கு இன்னிக்கும் என்னை நெனப்பு இருக்கும்."

கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. இப்படியும் ஒரு மனுஷனா என்று வாப்பாவிடம் வந்து சொன்னேன். வாப்பா கணக்காகக் கேட்டார்: "அந்தக் கோப்பை அவரு ஒருத்தருக்கா வந்திருக்கும்?" எனக்கு எரிச்சலாக வந்தது.

வாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குத் தாகேதா மார்க்கெட்டில் கயிறும் வலையும் தார்ப்பாயும் விற்கிற கடை இருந்தது. பர்மியிலும் தமிழிலும் வாப்பா பெயர் எழுதிய போர்டு, கீழே 'அண்ட் சன்' என்று இருக்கும். அந்தச் சன் நான்தான். ஆனால் கடை எங்களுடையது இல்லை. லாத்தாவின், என் அக்காவின், நிக்காஹ் பேசியபோது பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். அது எங்கள் பக்கத்து வழக்கம். எங்களிடம் கொடுக்க வீடு இல்லை. வாப்பா கடையையே மச்சான் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். போர்டை மட்டும் கழற்றவில்லை. வெளியில் தெரிந்தால் லாத்தாவுக்குக் கேவலம், மச்சானுக்கும் கேவலம். வாப்பா வழக்கம்போலக் கல்லாவில் உட்கார்ந்தார், மச்சானிடம் சம்பளத்துக்கு. கடைக்குள் நுழைகிற மச்சானைப் பார்த்து அவர் எழுந்து நிற்பதை நான் ஒருமுறை பார்த்தேன். அதற்குப் பிறகு கடைப் பக்கமே போகவில்லை. இந்த விஷயம் எங்கள் வீட்டு நான்கு சுவரைத் தாண்டியதில்லை. சயாவிடம்கூட நான் சொன்னதில்லை. அவரிடம் சொல்லாத ஒன்றே ஒன்று அதுதான்.

அப்போதெல்லாம் அரசு இலாகாக்களுக்கு என்று கால்பந்து அணிகள் உண்டு. ஆட்டக்காரனாக எடுத்தால் உத்தியோகமும் கிடைத்துவிடும். காலையில் ஆடலாம், மதியம் நாற்காலி, மாதாமாதம் அரிசி. காலேஜ் திறக்குமோ திறக்காதோ என்று கிடந்த எனக்கு அதுதான் ஒரே வாசல். அப்படி ஓர் இலாகாவிலிருந்து சயாவிடம் ஓர் ஆள் கேட்டிருந்தார்கள். நடுவில் நின்று ஆடுகிற ஒருவன் வேண்டும். ஒரே ஒரு இடம். அவர் சிபாரிசுக் கடிதம் கொடுத்தால் போதும், எடுத்துக்கொள்வார்கள். பழைய காலேஜ் ஆட்டக்காரர் என்ற மரியாதை அவருக்கு எல்லா இடத்திலும் இருந்தது.

"அது உனக்குத்தான்" என்று அவரே சொன்னார். நான் கேட்கவில்லை. ஓடையோரம் பாதிச் சுருட்டை என்னிடம் நீட்டிக்கொண்டே சொன்னார். வீட்டுக்கு ஓடிவந்து வாப்பாவிடம் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "நாம இந்தக் கடையைப் பாத்துக்கிட்டு இருக்கவேணாம் மவனே" என்றார்.

ஆட்டம் பார்க்க இலாகாவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மைதானத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு, வெயிலுக்குக் குடை விரித்து உட்கார்ந்தார்கள். ஆரம்பிப்பதற்கு முன்னால் சயா என் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போனார்.

"ஒன் விஷயம் பேசியாச்சு. நீ கவலைப்படாத. இன்னிக்கு கோ சோவுக்குக் குடு. எல்லாப் பந்தையும் அவனுக்கே குடு. அவனையும் ரெண்டு கண்ணு பாக்கட்டும்."

கோ சோ மில்லில் மூட்டை தூக்குகிறவன். என் வயதுதான். அவனும் நடுவில் ஆடுகிறவன். என்னைவிடக் கொஞ்சம் வேகம், கொஞ்சம் அவசரம். மனைவி மாசமாக இருந்தாள். அதனால் என்ன, என் விஷயம்தான் பேசியாகிவிட்டதே. நான் பின்னால் இறங்கி நின்றுகொண்டு கொடுத்தேன். வந்த பந்தையெல்லாம் இரண்டாவது தொடலில் கோ சோவின் காலுக்குத் தள்ளினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் ஆடியதில்லை. அவன் போட்ட இரண்டு கோலுக்கும் பந்து என் காலிலிருந்துதான் போனது. நாற்காலியில் இருந்தவர்கள் கோல் போடுகிறவனைத்தான் பார்ப்பார்கள், பந்து கொடுக்கிறவனை யார் பார்க்கிறார்கள்.

ஆட்டம் முடிந்தது. கடிதத்தை இப்போதே கொடுங்கள் என்று இலாகாக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். சயா சட்டைப்பையிலிருந்து காகிதத்தையும் பேனாவையும் எடுத்தார். எழுத மேசை இல்லை. என்னைக் கூப்பிட்டார்.

"கொஞ்சம் குனி."

முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றேன். சட்டை வேர்வையில் நனைந்திருந்ததால் ஒரு துண்டை மடித்து என் முதுகில் போட்டு, அதன்மேல் காகிதத்தை வைத்து எழுதினார். பர்மிய எழுத்து முழுக்க வட்டம் வட்டமாக இருக்கும். பேனா சுழல்வது முதுகில் தெரிந்தது. என் பெயரை எழுதுகிறார் என்று நினைத்து மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் நின்றேன். என் முதுகு ஆடி எழுத்து கோணிவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு.

எழுதி முடித்து, காகிதத்தை ஊதி, உரக்கப் படித்தார். கோ சோவின் பெயர்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். கோ சோ அழுதுகொண்டு சயாவின் காலில் விழுந்து கும்பிட்டான். பிறகு ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"சயா, என் பேரு?" என்று கேட்டேன். தமிழில்தான் கேட்டேன்.

அவர் என் கன்னத்தைத் தட்டினார். "ஒங்க வாப்பாவுக்குக் கடை இருக்கு. போர்டுலேயே நீயும் இருக்க. இவனுக்கு யாருடா இருக்கா? வயித்துப் புள்ளைக்காரி வூட்டுல." பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி பர்மியில் சொன்னார்: "இன்னிக்கு நல்லா குடுத்தவன் இவன்தான்." மறுபடியும் கை தட்டினார்கள், இந்த முறை எனக்கு.

அத்தனை பேர் நடுவில் நான் என்ன சொல்ல முடியும்? கடை எங்களுடையது இல்லை என்றா? சொன்னால் லாத்தாவின் மானம் போகும். பேசாமல் இருந்தால் என் வாழ்க்கை போகும். கோ சோவின் கையில் என் கை இருந்தது. நான் பேசாமல் இருந்தேன்.

வீட்டுக்குப் போனபோது வாப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கடையை விட்டு அந்த நேரத்தில் அவர் வரவே மாட்டார்.

"என்ன மவனே, என்ன ஆச்சு?"

சொன்னேன். சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "உங்க போர்டாலதான் வாப்பா போச்சு. இல்லாத கடைக்குப் போர்டு மாட்டி வச்சிருக்கீங்களே, அத நம்பி அந்த மனுஷன் அடுத்தவனுக்குக் குடுத்துட்டாரு. உங்க பொய்யில என் பொழப்பு போச்சு." இன்னும் சொன்னேன். ஒரு மகன் தகப்பனைப் பார்த்துச் சொல்லக் கூடாததெல்லாம் சொன்னேன்.

வாப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏதோ சொல்ல வந்தவர்போல வாயைத் திறந்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு கடைக்குத் திரும்பிப் போய்விட்டார். மறுநாள் முட்டுவலிக் காலோடு ஸ்டூலில் ஏறி, தன் கையாலேயே போர்டைக் கழற்றினார். மச்சான் சத்தம் போட்டாராம். மார்க்கெட் முழுக்கத் தெரிந்துபோயிற்று.

நான் பந்தை விட்டேன். தன்லியினில் ஒரு தொழிற்சாலையில் சரக்கு இறக்குகிற இடத்தில் சீட்டு எழுதுகிற வேலைக்குப் போனேன். ஆற்றைத் தாண்ட முதலில் படகு, பாலம் வந்தபிறகு பஸ். இருபது வருஷமாக அதே வேலை. வாப்பாவோடு ஒரே வீட்டில்தான் இருந்தேன். தேவைக்கு ஒரு வார்த்தை பேசுவேன். "சாப்பாடு இருக்கு" என்பார், "ம்" என்பேன். எட்டு வருஷம் அப்படி. பிறகு மவுத்தாகிவிட்டார். கடைசி வாரம் பேச்சு இல்லாமல் கிடந்தார். அப்போது பேச எனக்கு ஆசை வந்தது. கேட்க அவர் நிலையில் இல்லை.

ஆனால் சயாவோடு எனக்குப் பேச்சு நிற்கவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறாதது. அவருக்குத் தெரியாது, தெரியாமல் செய்தார், எங்கள் வீட்டுப் பொய்யை நம்பி ஏமாந்தார் என்று நானே அவருக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டேன். அவர் இன்சீனில் டீச்சரம்மாவின் தங்கை வீட்டுக்குக் குடிபோனபோது சாமான் ஏற்றிவிட்டவன் நான். ரமலானுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பேன், கிறிஸ்மஸுக்கு அவர் கேக் கொடுத்தனுப்புவார். தெரியாமல் செய்த சயாவை மன்னித்தேன். தெரிந்தே பொய்ப் போர்டு மாட்டியிருந்த வாப்பாவை மன்னிக்கவில்லை.

போன குளிர்காலத்தில் அவருக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டு, ஒரு கம்பளி வாங்கிக்கொண்டு ஊரைச் சுற்றுகிற ரயிலில் இன்சீனுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கம்பளியைத் தடவிப் பார்த்து, "நல்லா இருக்கே, பக்கத்து வூட்டுக் கெழவனுக்கு..." என்று ஆரம்பித்தார். டீச்சரம்மா அதை அவர் கையிலிருந்து பிடுங்கி அவர் காலிலேயே போர்த்திவிட்டு உள்ளே போனார். நாங்கள் சிரித்தோம். சயா தலையணைக்கு அடியிலிருந்து சுருட்டு எடுத்துப் பற்றவைத்தார். பழைய கதைகள் பேசினார். கோ சோ இப்போது பெரிய ஆள், கார் அனுப்புகிறான், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறான் என்றார். பேச்சோடு பேச்சாக, வெகு சாதாரணமாக, அதைச் சொன்னார்.

"ஒங்க வாப்பா மாதிரி ஒரு மனுஷனப் பாக்க முடியாதுடா. அன்னிக்கு எங்கிட்ட வந்து நின்னாரே, அப்படி ஒரு ரோஷக்காரரு."

"எப்ப சயா?"

"அதான், கோ சோவ எடுத்தாங்களே, அந்த ஆட்டத்துக்கு மொத நாளு. முட்டிய இழுத்துக்கிட்டு மழைத்தண்ணி ரோட்டுல நடந்து வந்தாரு. உக்காருங்கன்னேன், உக்காரவே இல்ல. நின்னுக்கிட்டே சொன்னாரு. கடை மருமவன் பேருல இருக்கு, நான் அங்க சம்பளக்காரன், எம் மவனுக்கு இந்த எடத்த விட்டா வேற வழியில்ல, மறந்துராதீங்கன்னாரு."

வீட்டுக்குப் பின்னால் ரயில் ஒன்று போனது. அது போய்முடிகிற வரைக்கும் காத்திருந்தேன்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் அவனுக்குக் குடுத்தீங்க."

"டேய், நீ எனக்குப் புள்ள மாதிரி. தன் புள்ளைக்குக் குடுக்கறது ஒரு குடுக்கறதா? அதுவுமில்லாம அங்க இருந்தது பூரா பர்மாக்காரன். தமிழன் தமிழனுக்கு எடுத்துக் குடுத்தான்னு ஒருத்தன் சொல்லிட்டா? அந்தப் பேர நான் எடுக்கவா?"

"என் விஷயம் பேசியாச்சுன்னு சொன்னீங்களே."

"இல்லாட்டி நீ குடுத்திருப்பியா?" என்றார். மறைக்கவில்லை. அந்தப் பந்துகளை இன்னொரு முறை மனசில் பார்ப்பவர்போல அவர் முகம் மலர்ந்தது. "என்னா பாஸ் அன்னிக்கு! அப்படி ஒரு ஆட்டம் நீ அதுக்கு முன்னாடியும் ஆடல, பின்னாடியும் ஆடல."

"எல்லார் முன்னாலயும் வாப்பாவுக்குக் கடை இருக்குன்னு சொன்னீங்களே சயா. கடை இல்லன்னு தெரிஞ்சும் சொன்னீங்களே. நான் வீட்டுக்குப் போய் என்ன பேசினேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"வேற என்னத்தச் சொல்ல? ஒங்க வூட்டுக் கதைய நடுமைதானத்துல சொல்ல முடியுமா? அவர் மானத்தக் காப்பாத்தத்தானே அப்படிச் சொன்னேன். 'நான் வந்தது யாருக்கும் தெரியவேணாம், எம் மவனுக்குக்கூடத் தெரியவேணாம், அவன் தல குனியக் கூடாது'ன்னு கேட்டுக்கிட்டாரு. இந்த நிமிஷம் வரைக்கும் ஒரு உசுருக்கிட்ட மூச்சு விட்டேனா?" அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

டீச்சரம்மா நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. என்னைப் பார்க்காமல், "ஒங்க வாப்பா வந்த அன்னிக்கு வாசல்ல செருப்பக் கழட்டிட்டு வந்தாரு தம்பி. போகும்போது செருப்ப விட்டுட்டு வெறுங்கால்லயே போயிட்டாரு. நான்தான் ஆள்கிட்டக் குடுத்தனுப்பினேன்" என்றார்.

வாப்பா வாசலில் நின்று வாயைத் திறந்தது, மூடியது, தொப்பியைச் சரிசெய்தது எல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. போர்டைப் பார்த்து ஏமாந்தவர் என்று நான் வக்காலத்து வாங்கிய மனிதரிடம்தான் அவர் முந்தின நாள் தன்னை முழுக்கத் திறந்து காட்டியிருந்தார். அதைச் சொல்லியிருந்தால் ஒரே நிமிஷத்தில் என் வாயை அடைத்திருக்கலாம். ஆனால் சயாவைப் பற்றி எனக்கிருந்த நினைப்பு உடைந்துபோயிருக்கும். மகனுக்கு அதுவாவது மிஞ்சட்டும் என்று விட்டுவிட்டார்போலும். எனக்கு அவரால் வேறு எதையும் கொடுக்க முடியவில்லை.

சயா சுருட்டைப் பாதியில் நிறுத்தி, வழக்கம்போல என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அவர் நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. "வாங்குடா" என்றார். கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். சாம்பல் கம்பளியில் விழுந்தது. கடைசியில் அவரே அதை வாயில் வைத்துக்கொண்டார். முழுவதும் பிடித்து முடிக்கிற வரைக்கும் இருந்துவிட்டு எழுந்து வந்தேன். அதற்குப் பிறகு நான் போகவில்லை. இரண்டு மாதத்தில் அவர் போய்விட்ட செய்தி வந்தது.

அடக்கத்துக்குப் போனது டீச்சரம்மாவுக்காக. கோ சோ வந்திருந்தான். நரைத்து, வயிறு வைத்து, அதிகாரி மாதிரி இருந்தான். நான் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னபோது ஓவென்று அழுதவன் அவன்தான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நீ கொடுத்த பந்து, நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்றான். அவன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவனுக்கு இதெல்லாம் தெரியாது.

தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாத அந்த மனிதர், வாப்பா வந்து நின்ற அந்த ஒரு விஷயத்தை மட்டும் இருபது வருஷம் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தார் என்பதை அங்கே நான் சொல்லவில்லை. வாப்பா யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கேட்டிருந்தார். இப்போது எழுதிவிட்டேன். அதனால்தான் இதில் சயாவின் பெயரையும் எழுதவில்லை, வாப்பாவின் பெயரையும் எழுதவில்லை. கோ சோவின் பெயரைத்தான் விட முடியவில்லை. அது என் முதுகில் எழுதிய பெயர்.